பிளாட் நம்பர் 417

அறை தேடிப் போனவனுக்கு அறைதான் கிடைத்தது. ராஜபாண்டியின் இடது கன்னத்தில், ஐந்து விரலும் பதிய.

அடித்த வாட்ச்மேன் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ ஒருவன் தேங்காயும் பூவும் ஒரு செம்பு பாலுமாக அம்பர்நாத்தில் நாலாம் மாடி ஏறி, 417 என்று போட்டிருந்த கதவைத் தட்டி, "இது எங்க வீடு" என்றால் குடியிருக்கிறவன் என்ன செய்வான்? உள்ளே இருந்த மராட்டிக்காரர் முதலில் சிரித்தார். ராஜபாண்டி வலது காலை எடுத்து நிலைப்படிக்குள் வைத்ததும் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். அவருடைய மகன் பால் செம்பைப் பிடுங்கிப் படியில் எறிந்தான். வாட்ச்மேன் ஓடிவந்தான், அறை விழுந்தது. இந்தத் தள்ளுமுள்ளில் ராஜபாண்டியின் மனைவி முருகம்மாள் நாலு படி சறுக்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளுக்கு இருமல் பிடித்தது. பிடித்த இருமல் விடவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் வாட்ச்மேனின் கை கீழே இறங்கியது.

அவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "கட்டத் தொடங்கின நாளிலிருந்தே 417 இவர்கள் பேரில்தான், போன மாதம் குடிவந்தார்கள்," என்றான் இந்தியில். "நீ யாரிடம் பணம் கொடுத்தாய்?"

"என் தம்பியிடம்."

"அப்படியானால் அவன் கதவைப் போய்த் தட்டு."

சயான் ஸ்டேஷனில் இறங்கும்வரை ரயிலில் முருகம்மாள் இருமிக்கொண்டே வந்தாள். தேங்காய் மட்டும் உடையாமல் ராஜபாண்டியின் மடியில் இருந்தது.

தாராவியில் அவர்கள் குடியிருந்தது ஓர் அலுமினியப் பட்டிக்கு மேலே உள்ள ஒற்றை அறை. பட்டி என்றால் உலை, இங்கிலீஷில் பவுண்டரி. ஓட்டைப் பாத்திரம், ஃபேன் றெக்கை, நசுங்கிய டப்பா எல்லாவற்றையும் உருக்கிக் கட்டியாக வார்க்கிற இடம். அங்கேதான் ராஜபாண்டிக்குப் பத்தொன்பது வருஷமாக வேலை. கீழே அவன் கிளறிவிடுகிற புகை மேலே அவன் பெண்டாட்டியின் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமாளிக்கலாம். மழை தொடங்கினால் ஜன்னலை அடைக்க வேண்டும். அடைத்தால் அந்த அறையே புகைக்கூண்டு. போன மழையில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தாள். "அடுத்த மழைக்கு இந்த அம்மா அந்த ரூமில் இருக்கக் கூடாது, இருந்தால் நான் ஜவாப்தாரி இல்லை" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது மே மாதக் கடைசி. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது.

வீடு பார்க்கிற பொறுப்பைத் தம்பி மாரிக்கண்ணன் எடுத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, பைக்கில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிற வேலை. நாலு மாதத்துக்கு முன்னால் அவன்தான் அம்பர்நாத்துக்குக் கூட்டிப்போய், பச்சைத் துணி போர்த்தி நின்ற அந்தக் கட்டிடத்தைக் காட்டினான். அடுத்த வாரம் அவனிடமிருந்து போனில் எழுத்து வந்தது:

"அண்ணே நல்ல பிளாட் ஒன்னு இருக்கு. நம்பர் 417. இன்னும் கட்டி முடியல. முடிஞ்சா ரேட் மூணு மடங்கு. முதல்ல வாறவங்களுக்கு மட்டும் இந்த ரேட். நாளைக்கே மூணு லட்சம் கட்டணும்."

ராஜபாண்டி அதைத் தானே வாசித்தான். யாரையும் கூப்பிடவில்லை. அது அவனுக்குப் பெரிய காரியம். நாற்பத்தோரு வயது வரை அவனுக்கு எழுத்து தெரியாது. முருகம்மாள்தான் பஜ்ஜி மடித்துவந்த தமிழ்ப் பேப்பரை விரித்துவைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் கொடுத்தாள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் முழு வரி ஒரு விளம்பரம். மாடிக் கட்டிடத்தின் படத்துக்குக் கீழே போட்டிருந்தது: "பிளாட் விற்பனைக்கு." அன்றிலிருந்து பிளாட் என்ற எழுத்தைக் கண்டாலே அவன் கண்ணுக்கு மாடியும் ஜன்னலும்தான் தெரியும். தம்பி அனுப்பியதிலும் தெரிந்தது. முருகம்மாளின் சங்கிலி, சீட்டு எடுத்த காசு, முதலாளியிடம் விட்டு வைத்திருந்த கூலி எல்லாம் மறுநாளே தம்பி கைக்குப் போனது. அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம் "இன்னும் முடியலண்ணே, லேட்டாவுது" என்ற ஒரே பேச்சு. மழை நெருங்கவும் ராஜபாண்டியால் பொறுக்க முடியவில்லை. முடிந்தவரைக்கும் போதும், பாலையாவது காய்ச்சிவிட்டு வருவோம் என்று தம்பிக்குச் சொல்லாமலே கிளம்பினான். அப்படிப் போய்த்தான் அறை வாங்கியது.

மாரிக்கண்ணன் தன் குடிலில் பாயில் மல்லாந்து கிடந்தான். காதில் வயர், இரண்டு கையிலும் போன்.

"அண்ணே! மைனி! என்ன, பூவும் கையுமா வந்திருக்கிய? இன்னைக்கு என்ன விசேஷம்?"

ராஜபாண்டி தேங்காயை எறிந்தான். மாரிக்கண்ணனின் தலைக்கு இரண்டு விரல் தள்ளிச் சுவரில் பட்டுத் தெறித்தது. தேங்காய்த் தண்ணீர் அவன் முகத்தில் வழிந்தது.

"417ல எவனோ குடியிருக்கான். என் ஃப்ளேட்டு எங்கல?"

"ஃப்ளேட்டா?" மாரிக்கண்ணன் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான். "அம்பர்நாத்துக்கா போனிய? அண்ணே, நான் ஃப்ளேட்டுன்னு எப்பச் சொன்னேன்? ப்ளாட்டுல்லா."

பம்பாயில் வாயால் சொன்னால் அது இரண்டும் வேறு வேறு. மாடி வீடு ஃப்ளேட்டு. வெறும் மனை ப்ளாட்டு. இந்திக்காரன் நாக்கு அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது, தாராவித் தமிழனும் அப்படியே சொல்லிப் பழகிப்போனான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்: பிளாட்.

மனையா? சரி, மண்ணாவது இருக்கிறதே என்று ராஜபாண்டிக்கு ஒரு மூச்சு வந்தது. "மனை எங்க கெடக்கு?"

மாரிக்கண்ணன் போனை நீட்டினான். "இதுக்குள்ள."

கண்ணாடிக்குள் செம்மண் நிறத்தில் ஒரு வெளி. வானம் பாதிவரைதான் நீலமாக இருந்தது; மீதியில் நிறம் இல்லை. ஒரு கட்டை நட்டு அதில் 417 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் துப்பாக்கியோடு ஓர் ஆள் நின்றான்.

"ஆன்லைன் கேம்ணே. இன்னும் முடிக்கல. முடிய ரெண்டு வருஷம் ஆவும். எல்லாருக்கும் தொறந்துவிடுததுக்கு முன்னாடியே காச கட்டி உள்ள போறவனுக்கு ப்ளாட்டு குடுப்பாங்க. எர்லி ஆக்சஸ்ம்பாங்க. எனக்கு அதுல ஃபவுண்டர்னு பேரு."

"பவுண்டரில பத்தொம்பது வருஷமா வேகுதவன் நான். நீ ஃபவுண்டராக்கும்?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்குள் எவனோ ஓடிவந்து மாரிக்கண்ணனின் ஆளைச் சுட்டான். ஆள் விழுந்தான். விழுந்தவன் மண்ணில் கிடக்காமல் மண்ணுக்குள்ளேயே போய் மறைந்தான்.

"அது... தரை இன்னும் சரியா போடல. அதான் உள்ள போயிருதான். திரும்ப வந்துருவான்."

"செத்தவன் வருவானா?"

"வருவாண்ணே."

"மூணு லட்சம்?"

மாரிக்கண்ணன் வாயைத் திறந்தான். பதில் வருவதற்கு முன் முதல் குத்து அந்த வாயில்தான் விழுந்தது. பிறகு ராஜபாண்டி எண்ணவில்லை. பட்டியில் கட்டி உடைக்கிற கை அது. சுவரோரம் ஒதுங்கியவனை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தான். பாயில் சிதறிக் கிடந்த சிரட்டைத் துண்டில் மாரிக்கண்ணனின் முழங்கை கிழிந்தது. அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. அண்ணன் தம்பிச் சண்டை என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

முருகம்மாள் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் தடுக்கவில்லை. பிறகு சொன்னாள்: "போதும், கொன்னுராதிய. இவன் செத்தா திரும்ப வரமாட்டான்."

ராஜபாண்டியின் கால் நின்றது.

"மூணு மாசத்துல மூணு மடங்காவும்னாங்க மைனி," மாரிக்கண்ணன் ரத்தத்தைத் துப்பிவிட்டு அழுதான். "அத வித்து உங்களுக்கு நெசமாவே ஃப்ளேட்டு வாங்கலாம்னுதான். ரெண்டு ரூம் உள்ளதா..."

"யாருட்டல கட்டுன?"

"செம்பூர்ல சாய்நாத்துட்ட."

தம்பியையும் இழுத்துக்கொண்டு பட்டிக்கு வந்து, ராஜபாண்டி பெண்டாட்டியை மேலே அறைக்கு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பட்டி எரிந்துகொண்டிருந்தது. மூலையில் சாத்தியிருந்த பெரிய குறட்டை எடுத்துச் சாக்கில் சுற்றினான். உருகின அலுமினியப் பானையைக் கழுத்தோடு பிடித்துத் தூக்குகிற குறடு. கை நீளம், சுத்த இரும்பு. தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினான்.

சாய்நாத்தின் கடை செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. ஜன்னல் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, பட்டப்பகலிலும் இருட்டு. பத்துப் பன்னிரண்டு ஆட்கள் காதை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்நாத் தமிழர்களோடு வளர்ந்தவன். தமிழ் பேசுவான், பாதி இந்தியாக.

"ரீஃபண்டா? அரே பாய், எர்லி ஆக்சஸ்க்கு ரீஃபண்ட் நஹி. கண்டிஷன்லயே போட்டிருக்கு. முடியாத கேம்னு தெரிஞ்சுதானே காசு கட்டினான் உன் தம்பி? கட்டாத பில்டிங்குக்கு நீங்க அட்வான்ஸ் தர்றதில்லையா? அதே மாதிரிதான்."

"கட்டாத பில்டிங்கும் ஒருநாள் நிக்கும். அதுல எம்பொண்டாட்டி மூச்சு விடலாம். உன் கேம்ல விடுவாளா?"

"அவங்களுக்கும் ஒரு ஐடி போட்டுத் தரவா?" என்று சொல்லிச் சாய்நாத் சிரித்தான்.

ராஜபாண்டி சாக்கை உருவினான். முதல் அடி மேஜை மேலிருந்த டிவி போன்ற பெரிய கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது அடி ஓங்கும்போது பின்னாலிருந்து கிரிக்கெட் மட்டை வந்தது. தாஹிர் என்று கடைக்கு ஒரு தடியன். அவன் அடித்த அடியில் ராஜபாண்டியின் புருவம் பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூழ்கியது. மறு கண்ணால் பார்த்துக் குறட்டைத் தாழ வீசினான். தாஹிரின் முழங்காலில் பட்டது. அவன் போட்ட கூச்சலுக்கு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினவர்கள் எழுந்து ஓடினார்கள். கழற்றாதவர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். காலை இழுத்துக்கொண்டு எழுந்தவனை ராஜபாண்டி மார்பில் உதைத்து நாற்காலிகளுக்கு நடுவே தள்ளினான். மட்டை கை மாறியது. அதைத் தூரத்தில் எறிந்துவிட்டுச் சாய்நாத்தைத் திரும்பிப் பார்த்தான்.

பானையின் கழுத்தைப் பிடிக்கச் செய்த குறடு, சாய்நாத்தின் கழுத்துக்கும் பொருந்தியது.

"என்கிட்ட இல்ல! கசம் சே, சத்தியமா!" சுவரோடு ஒட்டிக்கொண்டு சாய்நாத் திணறினான். "காசு கம்பெனிக்குப் போயாச்சு. எந்த தேசம்னே தெரியாது. எனக்குக் கமிஷன்தான். நானே பதினோரு ப்ளாட் வாங்கி மாட்டிக்கிட்டு இருக்கேன்!"

குறடு இன்னும் ஒரு நூல் இறுகியது.

"வித்துடு! வித்துடு! டிரான்ஸ்ஃபர் நான் ஃப்ரீயா பண்ணித் தரேன். உங்க ஊர்க்காரங்க குரூப் இருக்குல்ல, அதுல போடு. தமிழ்ல எழுதிப் போடு. தமிழ்ல போட்டா ஃபட்டுனு போகுது. போன மாசம் ரெண்டு போச்சு."

தமிழில் போட்டால் ஏன் சீக்கிரம் போகிறது என்று ராஜபாண்டிக்கு அப்போது ஓடவில்லை. குறட்டைத் தளர்த்தினான். சாய்நாத் கழுத்தைத் தடவிக்கொண்டு தரையில் சரிந்தான்.

மாரிக்கண்ணன் அதற்குள் போனை எடுத்துவிட்டான். தாராவியில் இருக்கிற அவர்கள் ஊர்க்காரர்கள் இருநூற்று நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப். வீங்கின உதட்டோடு விறுவிறுவென்று அடித்தான். ராஜபாண்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து எழுத்துக் கூட்டினான்: நல்ல பிளாட் விற்பனைக்கு. நம்பர் 417. அவசரம். 3,00,000 மட்டும்.

எல்லாம் தெரிந்த பிறகும் அவன் கண்ணுக்கு மாடியும் ஜன்னலும்தான் தெரிந்தது. மூன்று லட்சம் திரும்பி வந்தால் மழைக்கு முன்னால் எங்கேயாவது, கோவண்டியிலாவது, ஒரு வாடகை அறைக்கு டெபாசிட் கட்டலாம். முருகம்மாள் இந்த மழையைத் தாண்டிவிடுவாள். யார் வாங்குவார்கள் என்று நினைத்துப் பார்த்தான். நினைத்ததுமே ஒரு முகம் வந்து நின்றது. அடுத்த சந்து இசக்கிசெல்வி. புருஷன் போன வருஷம் பிரஸ் மெஷினில் சிக்கிச் செத்தான். அதற்குக் கிடைத்த காசை வைத்துக்கொண்டு இரண்டு பொம்பளைப் பிள்ளைகளோடு வீடு தேடி அலைகிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எது வந்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு ராஜபாண்டியிடம்தான் வருவாள், "அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று. வாசித்துச் சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமை.

"எழுத வேண்டாம்ல," என்றான். "வாயால சொல்லிப் போடு. கேமு, உள்ள வெறும் மண்ணு, அப்படின்னு வெவரமாச் சொல்லு. வேணுங்கவன் வாங்கட்டும்."

"வாய்ஸ்ல போட்டா வெளங்கிருமேண்ணே. ப்ளாட்டுன்னு வாயில வந்துட்டா தீந்துது. எழுத்துலன்னாத்தான்..."

மாரிக்கண்ணன் நிறுத்தினான். நிறுத்துவதற்கு ஒரு சொல் பிந்திவிட்டது.

மூலையில் தாஹிர் முனகிக்கொண்டிருந்தான். எந்தக் கம்ப்யூட்டரிலோ யாரோ யாரையோ சுடுகிற சத்தம். ராஜபாண்டி தம்பியைப் பார்த்தான். அண்ணன் எழுத்துக் கூட்ட நேரமாகும் என்று மாரிக்கண்ணன் எப்போதும் வாய்ஸ்தான் அனுப்புவான். அரிசி வாங்கணுமா, வாய்ஸ். மைனிக்கு மருந்தா, வாய்ஸ். எழுத்தில் அனுப்பியது வாழ்நாளில் அந்த ஒரே தடவைதான். ராஜபாண்டி அதைப் பட்டியில் எல்லோருக்கும் காட்டியிருந்தான். "எந்தம்பி எனக்கு எழுதியிருக்கான், நானே வாசிச்சேன்" என்று.

"நான் எப்படி வாசிப்பேன்னு உனக்குத் தெரியும்," என்றான். சத்தமே போடவில்லை.

"அண்ணே, மூணே மாசத்துல..." என்றபடி மாரிக்கண்ணனின் கட்டைவிரல் போன்மேல் இறங்கியது.

குறடு அந்தக் கையைப் பிடித்தது. ராஜபாண்டி இரண்டு கையாலும் அழுத்தினான், பானையைத் தூக்குவது போலவே, முதுகைக் கொடுத்து. உருக்கப்போகிற ஃபேன் றெக்கையை மடக்கி ஒடிக்கும்போது கேட்கிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. மாரிக்கண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. குரல் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. போன் கீழே விழுந்து கண்ணாடி சிலந்தி வலையாகக் கீறல் விட்டது. ராஜபாண்டி குறட்டை விடவில்லை. தம்பி முட்டி போட்டு உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே, விடுண்ணே" என்று சின்ன வயதில் அழுததுபோல் அழுத பிறகுதான் விட்டான்.

சாய்நாத் போலீஸைக் கூப்பிடவில்லை. அவன் கடைக்கு லைசன்ஸ் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ராஜபாண்டியேதான் கூட்டிப்போனான். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு மாரிக்கண்ணன் அண்ணனைப் பார்க்காமலே, "பட்டியில குறடு நழுவிருச்சு" என்றான். மூன்று விரலில் எலும்பு தூள். இனிமேல் மடங்காது. ராஜபாண்டியின் புருவத்தில் ஆறு தையல். "இது?" என்றார் டாக்டர். "அதே பட்டி," என்றான் ராஜபாண்டி.

தம்பியை அங்கே படுக்க வைத்துவிட்டு அவன் சந்துக்குள் நுழையும்போது விளக்கு வைக்கிற நேரம். பட்டி புகைந்துகொண்டிருந்தது. ஏணிப்படிக்குக் கீழே இசக்கிசெல்வி போனும் கையுமாக நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க போனிய? நம்ம குரூப்புல மாரி என்னமோ போட்டிருக்கான். லட்சம் நம்பரு மட்டும் புரியுது. கீழ எல்லாரும் என்னென்னமோ போட்டிருக்காவ. இத வாசிச்சு... ஐயோ, கண்ணுல என்ன கட்டு?"

"ஒன்னுமில்ல. குடு."

கை உடைவதற்கு முன்னாலேயே கட்டைவிரல் அழுத்திவிட்டிருந்தது. அடியில் வரிசையாகக் கேள்விகள். பெரியவர் கோமதிநாயகம்கூட "எந்த ஏரியா?" என்று கேட்டிருந்தார். மேலே முருகம்மாள் இருமினாள்.

ராஜபாண்டி எழுத்தைக் கூட்டினான். "நல்ல..." என்றான். அடுத்த எழுத்தில் வந்து நின்றான்.

"நல்ல என்ன அண்ணாச்சி? ஃப்ளேட்டா?" இசக்கிசெல்வியின் முகம் மலர்ந்தது. "மாரி தம்பி பாத்த எடம்னா நம்பலாம்லா? நான் இன்னைக்கே குடுத்துருவேன். பிள்ளையள வச்சுக்கிட்டு இந்த மழையில..."

அவன் சொல்ல வேண்டியது ஒரு சொல். 'ஆமா' என்றால் போதும். அதைக்கூட வாயால் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். மேலே இருமல் நின்று, மூச்சை இழுக்கிற விசில் சத்தம் கேட்டது.

"ப்ளாட்டு," என்றான். "ஃப்ளேட்டு இல்ல, இசக்கி. ப்ளாட்டு."

"மனையா?"

"மனையும் இல்ல. போனுக்குள்ள கெடக்க மண்ணு. நிக்கப் போனா உள்ள விழுந்துருவ." அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கு மட்டும் சொன்னால் போதாது என்றும் தோன்றியது. அவளுடைய போனிலேயே மைக் படத்தை அழுத்தி, அழுத்திய விரலை எடுக்காமல் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். விரலை எடுத்தால் பேசினது குரூப்புக்குப் போய்விடும். இருநூற்று நாற்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"நான் பட்டி ராஜபாண்டி பேசுதேன். மாரி எழுதியிருக்கது வீடு இல்ல. யாரும் காசு குடுத்துராதிய. அது வெளையாட்டு. இன்னும் முடிக்காத வெளையாட்டு. மூணு லட்சம் கட்டி ஏமாந்தவன் நான்தான். எழுத்து ஒன்னுதான், வாயில வேற..."

"ஏங்க," மேலேயிருந்து முருகம்மாள் கூப்பிட்டாள். "தூறல் விழுது. ஜன்னல அடைக்கட்டா?"

அதுவும் சேர்ந்துதான் பதிவானது. ராஜபாண்டி விரலை எடுக்கத் தெரியாமல் நின்றான்.